மாரிக்குப் பிறகு இறைப்பு மெஷின் ஸ்ரார்ட் ஆகவில்லை: காபரேற்றரா, வேறு ஏதுமா?

செம்மண் (விசுவமடு)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2 அங்குல இறைப்பு மெஷின், பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வகை, வாங்கி 6 வருடம். ஐப்பசியில் மழை பிடித்ததும் கழற்றிக் கொட்டிலுக்குள் வைத்தேன். இப்போது மாசி பிறந்து வெயில் ஏறிவிட்டது, கிணற்றில் தண்ணீர் வடிவாக நிற்கிறது, கால் ஏக்கரில் மிளகாய்க் கன்று நட்டு 20 நாள், மெஷின்தான் எடுக்குதில்லை. நேற்றுப் பின்னேரம் கயிறு இழுத்து இழுத்து உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. புதுப் பிளக் போட்டேன், புதுப் பெற்றோல் விட்டேன், சோக்கை மூடியும் பார்த்தேன் திறந்தும் பார்த்தேன். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டைக்குள் அரை மூடி பெற்றோல் விட்டு, திரும்பப் பிளக்கைப் பூட்டி இழுத்தால் இரண்டு செக்கன் படபடவென்று ஓடி நிற்கிறது. சந்தியில் ஒரு கடையில் காட்டினேன். பிஸ்டன் ரிங் தேய்ந்து போய்விட்டது, காபரேற்றரும் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடுகிற சாமான்) புதிதாகப் போடவேண்டும் என்கிறார்கள். அவ்வளவு காசு இப்போது கையில் இல்லை. அம்மாவும் நானும் வாளியால்தான் ஊற்றுகிறோம், கடைசி வரிசைக்குப் போவதற்குள் முதல் வரிசை வாடிவிடுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மாங்குளம் மெக்கானிக்

தம்பி, ரிங்குக்குக் காசு கட்டாதே, பொறு. நீ சொன்ன அந்த இரண்டு செக்கனிலேயே பதில் இருக்கிறது. ரிங் போன எஞ்சின் அப்படிப் படபடவென்று எடுக்காது. அமுக்கம் இருக்கிறது, பிளக்கில் நெருப்பும் இருக்கிறது, நீ கையால் ஊற்றிய பெற்றோல் எரிந்து முடிந்ததும் நிற்கிறது. அதாவது தாங்கியில் இருக்கிற பெற்றோல் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது போய்ச் சேர்கிற சாமான் பெற்றோலே இல்லை.

ஒன்று கேட்கிறேன், ஐப்பசியில் கடைசியாக நிறுத்தும்போது மண்ணெண்ணெயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினாயா, அல்லது கொக்கை (எண்ணெய் வருகிற குழாயைத் திறந்து மூடுகிற திருகு) பெற்றோலுக்குத் திருப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினாயா? மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, சூடு ஏறிய பிறகுதான் எரியும். காபரேற்றரின் அடிக் கிண்ணம் நிறைய மண்ணெண்ணெய் நின்றால், மேலே எவ்வளவு நல்ல பெற்றோலை விட்டாலும் அது கீழே இறங்க இடமில்லை. 60 தரம் இழுத்தாலும் நீ இழுப்பது மண்ணெண்ணெயைத்தான்.

முதல் வேலை, பிளக்கைக் கழற்றி நுனியைப் பார். ஈரமாக இருந்து மணந்து பார்த்தால் மண்ணெண்ணெய் வாடை வந்தால் நான் சொன்னதுதான். காய்ந்து கிடந்தால் வழியில் எங்கேயோ அடைப்பு. பிறகு கொக்கை மூடிவிட்டு, கிண்ணத்தின் அடியில் இருக்கிற வடி திருகைக் கழற்றி உள்ளே இருப்பதை வெள்ளைச் சோடாப் போத்தலில் பிடி, வெயிலுக்கு நேரே தூக்கிப் பார். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக உருண்டு நிற்கும், கண்ணுக்குத் தெரியும். திருகைப் பூட்டாமலே கொக்கைத் திற, பெற்றோல் நூல் மாதிரி விடாமல் வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் தாங்கிக்குள் இருக்கிற வலையோ கொக்கோ அடைத்திருக்கலாம், முதலில் அதைப் பார், காபரேற்றரில் கை வைப்பது அதற்குப் பிறகு.

பிளக்கில் நெருப்புப் பார்க்கப் போகிறாய் என்றால் பெற்றோல் போத்தலை பத்து அடி தள்ளி வைத்துவிட்டுப் பார்.

செம்மண்

ஐயா, மண்ணெண்ணெயில்தான் நிறுத்தினேன். அன்றைக்கு மழை திடீரென்று கொட்டியது, கொக்கை மாற்ற நேரமில்லை, ஓடிப்போய் சுவிட்சை அமத்திவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

பிளக் காய்ந்து கிடக்கிறது. வடி திருகைக் கழற்றினேன், ஒரு சொட்டும் வரவில்லை. அதனால் 10ஆம் சாவியால் கிண்ணத்தையே கழற்றினேன். உள்ளே நான் நினைத்த மாதிரியே இல்லை. அடியில் ஒரு விரல் நகக் கனத்துக்கு மண்ணிறமாக, பனங்கட்டிப் பாணி ஆறி இறுகினால் எப்படி இருக்குமோ அப்படி ஒட்டிக் கிடக்கிறது, ஓரத்தில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு. நடுவில் இருக்கிற பித்தளை ஜெற்றை (எண்ணெய் அளவாக ஏறுகிற சின்ன ஓட்டை உள்ள திருகு) கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தேன், மறுபக்கம் வெளிச்சம் தெரியவில்லை. ஊசியால் குத்திவிடவா?

வடகடல் (முல்லைத்தீவு)

தம்பி ஊசியால் குத்தாதே!! ஊசி உருக்கு, ஜெற் பித்தளை. ஒரு கீறல் விழுந்தாலும் ஓட்டை பெருத்துவிடும், பிறகு எந்த நேரமும் எண்ணெய் கூடக் குடித்துக் கறுப்புப் புகை தள்ளும். நாங்கள் படகின் வெளியிணைப்பு எஞ்சின் காபரேற்றருக்குத் தங்கூசிதான் (மீன் பிடிக்கிற நைலோன் நூல்) பாவிப்போம், மெல்லிய தங்கூசியில் ஒரு சாண் வெட்டி, நுனியைச் சரிவாக வெட்டிவிட்டு உள்ளே விட்டு உருட்டினால் போதும். தங்கூசி இல்லாவிட்டால் கரண்ட் வயரை உரித்து அதில் ஒரு செப்பு இழை. முதலில் ஜெற்றை ஒரு இரவு முழுக்கத் தின்னரிலோ பெற்றோலிலோ ஊறப்போடு, பாதி அடைப்பு தானாகக் கரையும். ரப்பர் சாமான்களைத் தின்னருக்குள் போட்டுவிடாதே, ஊதிப் பெருத்துவிடும்.

எங்கள் பக்கம் உப்பும் சேர்வதால் இந்த வெள்ளைப் பொருக்கு வருடா வருடம் பார்க்கிறோம். கடலில் இரண்டு கிழமை கொந்தளிப்பென்று படகை ஏற்றி வைத்தாலே கிண்ணத்தை வடித்துவிடுவேன். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபா ஆனபோது எங்கள் மீன் வாடியில் பலர் எது மலிவோ அதைக் கலந்து ஓடிப் பார்த்தார்கள், அந்த வருடம் நான் திருத்திய காபரேற்றர் மாதிரி எந்த வருடமும் திருத்தவில்லை.

பனிக்காடு (சட்பரி, கனடா)

செம்மண் தம்பி, இதை வாசிக்கும்போது எனக்கு எங்கள் வீட்டுக் கராஜ்தான் ஞாபகம் வருகிறது. நான் பிறந்தது முள்ளியவளை, இங்கே வந்து 20 வருடம் தாண்டிவிட்டது. என்னிடம் ஒரு பழைய ஸ்னோமொபில் இருக்கிறது, பனியில் ஓடுகிற வண்டி, முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டை, பின்னுக்கு ரப்பர்ச் சங்கிலி. ரூ ஸ்ரோக் எஞ்சின், இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காபரேற்றர். உங்கள் மெஷின் மாரியில் படுக்கிறது, என் வண்டி பங்குனி முடிய உறைபனி கரைந்ததும் படுத்து மார்கழியில்தான் எழும்பும். படுக்கிற காலம் வேறு, வருகிற வருத்தம் ஒன்றுதான். கிண்ணத்தில் நின்ற பெற்றோலில் இலகுவாக ஆவியாகிற பகுதி முதலில் பறந்துவிடும், மிஞ்சுவது அந்தப் பாணி. முதலில் அடைபடுவது மெதுவாக ஓடுவதற்கான சின்ன ஜெற், அதன் ஓட்டை மயிரிழைதான். எடுக்கும், ஆனால் சோக்கை விட்டால் நின்றுவிடும் என்றால் அதைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே இன்னொரு தொல்லையும் உண்டு. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் சாதாரணப் பெற்றோலில் 10 சதவீதம் அளவுக்கு எதனோல் கலந்திருக்கும், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஈரம் அளவுக்கு மிஞ்சினால் தண்ணீரும் எதனோலும் பிரிந்து அடிக்கு இறங்கிவிடும். அதைக் குடித்தால் எஞ்சின் எடுக்காது.

நான் பட்ட அடியைச் சொல்கிறேன், கேளுங்கள். ஐந்து வருடத்துக்கு முன் மார்கழியில் வண்டி ஒரு மாதிரி எடுத்தது, சத்தம் கொஞ்சம் பிசகு, போகப் போகச் சரியாகும் என்று நினைத்து மைனஸ் 25 பாகையில் உறைந்த ஏரிக்கு மேலே முழு வேகத்தில் விட்டேன். இடப்பக்கக் காபரேற்றரின் பெரிய ஜெற் பாதி அடைத்திருக்கிறது. அந்தச் சிலிண்டருக்குப் பெற்றோல் குறைவு, காற்றுக் கூட. ரூ ஸ்ரோக்கில் ஒயிலும் பெற்றோலோடு சேர்ந்துதான் போகிறது, ஆகவே ஒயிலும் குறைவு. குளிரக் குளிரக் காற்று அடர்த்தி, அப்போது பெற்றோல் இன்னும் கூடத்தான் வேண்டும், அதனால்தான் இங்கே கடும் குளிருக்கு ஒரு நம்பர் பெரிய ஜெற் போடுவார்கள். நான் கொடுத்தது அதற்கு எதிர்மாறு. பிஸ்டன் தலையில் ஓட்டை விழுந்து நடு ஏரியில் நின்றேன், கரைக்கு இரண்டு மணித்தியாலம் நடந்தேன். கால் விரல்கள் உணர்விழந்து போயின. பிழையாகச் சத்தம் போடுகிற எஞ்சினை ஓட்டியே சரிப்படுத்தலாம் என்று தயவுசெய்து யாரும் நினைக்காதீர்கள்.

நெடுங்கேணி அக்கா

தம்பிமாரே, ஒரு சந்தேகம். நான் எப்போதும் தாங்கியை நிரப்பித்தான் வைப்பேன், காலியாக வைத்தால் மாரி ஈரத்தில் உள்ளே துருப்பிடிக்கும் என்று அப்பா சொல்வார். நீங்கள் வடிக்கச் சொல்கிறீர்கள். எது சரி?

புல்லு வெட்டுகிற மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. அதில் கிண்ணம் கிடையாது, காபரேற்றருக்குள் மெல்லிய ரப்பர்த் தகடுதான் பெற்றோலை இழுத்து விடுகிறது. நான் 2022 இல் எரிபொருளைப் பங்கிட்டுத் தந்த கியூ.ஆர். காலத்தில், மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று தந்த நாட்களில், வேண்டும்போது கிடைக்காதே என்று ஒயில் கலந்த பெற்றோலைக் கானில் சேர்த்து வைத்தேன். எட்டு மாதம் கழித்து அதை ஊற்றினேன், அந்த ரப்பர் காய்ந்த வெற்றிலை மாதிரி விறைத்துப்போனது. புதுத் தகடு போட்ட பிறகுதான் எடுத்தது.

அதோடு, வாயால் குழாயில் உறிஞ்சித் தாங்கியை வடிக்காதீர்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை அப்படி உறிஞ்சி மண்ணெண்ணெய் நெஞ்சுக்குள் போய், சத்தி எடுத்து, இரண்டு கிழமை ஆசுபத்திரியில் கிடந்தான். அவன் மூச்சு விட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கானைத் தாங்கிக்குக் கீழே வைத்து, குழாயைக் கழற்றி, அது தானாக வடியட்டும், அரை மணித்தியாலம் போனால் என்ன.

மாங்குளம் மெக்கானிக்

தங்கச்சி, அப்பா சொன்னதும் சரி. இரும்புத் தாங்கி என்றால் நிறைத்து வை, அல்லது முழுக்க வடித்துக் காயவிட்டு ஒரு கரண்டி ஒயில் ஊற்றி உருட்டி வை. அரைத் தாங்கிதான் ஆகாது, மேல் பாதியில் ஈரம் வியர்த்துத் துருவாகும், அந்தத் துரு நேரே ஜெற்றுக்கு வரும். பிளாஸ்ரிக் தாங்கிக்கு அந்தப் பயம் இல்லை, வடித்துவிடு. தாங்கி எப்படி இருந்தாலும் காபரேற்றர்க் கிண்ணம் காலியாக இருக்க வேண்டும். கொக்கை மூடிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடு, பிறகு வடி திருகைத் திறந்து மிச்சத்தையும் எடு. இரண்டு நிமிட வேலை.

மண்ணெண்ணெயைப் பற்றிக் கதை வந்ததால் சொல்கிறேன். 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது, வன்னியில் 2002 போர்நிறுத்தம் வரை அதுதான் நிலைமை. அப்போது நான் சின்னப் பெடியன், மாமாவின் பட்டறையில் சாவி எடுத்துக் கொடுக்கிற வேலை. மோட்டார் சைக்கிளும் பழைய ஒஸ்ரின் ஏ40 காரும் மண்ணெண்ணெயில்தான் ஓடின. கைப்பிடியில் ஒரு சின்னப் போத்தல் தொங்கும், அதிலிருந்து மெல்லிய குழாய் காபரேற்றருக்கு. போத்தலுக்குள் பொன் மாதிரிக் காத்த பெற்றோல். ஸ்ரார்ட் பண்ண நாலு சொட்டு, அவ்வளவுதான், எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய். நிறுத்துவதற்கு முன்னும் நாலு சொட்டு விட்டு நிறுத்தச் சொல்லுவார் மாமா, அடுத்தநாள் காலையில் கிண்ணத்துக்குள் பெற்றோல் நிற்க வேண்டும் என்று. மறந்தால் அன்று முழுக்கத் தள்ளத்தான் வேண்டும். அந்தப் பழக்கம் என் கையில் ஊறிவிட்டது. ஆனால் இப்போதைய பெற்றோல் எஞ்சினுக்கு, அதற்கென்று செய்யாத எஞ்சினுக்கு, மண்ணெண்ணெய் விடாதீர்கள். சூட்டில் இடிக்கும், எரியாத மண்ணெண்ணெய் ஒயிலுக்குள் இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும். அன்றைக்கு வேறு வழியில்லை, ஓடினோம்.

செம்மண்

எடுத்துவிட்டது!!! ஜெற்றை இரவு ஊறப்போட்டு, காலையில் தங்கூசியால் துழாவினேன். ஊதிப் பார்த்தேன், காற்றுப் போனது. வெயிலில் பிடித்தேன், நடுவில் ஊசி முனையளவு வட்டமாக வெளிச்சம். கிண்ணத்தைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, கழுவிப் பூட்டினேன். மூன்றாவது இழுவையில் எடுத்தது. அம்மா வீட்டுக்குள் இருந்து ஓடிவந்தார்.

ஆனால் 15 நிமிடம் ஓடி, சத்தம் மெல்லமெல்லக் குறைந்து நின்றுவிட்டது. பத்து நிமிடம் விட்டு இழுத்தால் எடுக்கிறது, திரும்ப 15 நிமிடத்தில் நிற்கிறது. மூன்று தரம் இப்படியே. பிளக்குக்கு நெருப்புக் கொடுக்கிற கொயில் சூடாகிப் போயிருக்கும் என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொல்கிறார்.

வடகடல்

கொயில் என்றால் டக்கென்று வெட்டின மாதிரி நிற்கும். மெல்லமெல்லக் குறைந்து, இருமி நின்றால் எண்ணெய்ப் பஞ்சம். அடுத்த தரம் நிற்கும்போது உடனே, ஒரு நிமிடமும் விடாமல், தாங்கி மூடியைத் திற.

மாங்குளம் மெக்கானிக்

வடகடல் சொன்னது சரி. மூடியில் காற்றுப் போகிற ஓட்டை ஒன்று உண்டு. பெற்றோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும், வராவிட்டால் உள்ளே வெற்றிடமாகிப் பெற்றோலைக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளும். மூடியைத் திறக்கும்போது 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்டால் அதுதான். உன் மெஷினில் பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் தனித்தனித் தாங்கி, மண்ணெண்ணெய்த் தாங்கி மூடியைப் பார்.

செம்மண்

'ஸ்ஸ்' என்று கேட்டது ஐயா. மூடியைத் திருப்பிப் பார்த்தால் அந்தச் சின்ன ஓட்டையைக் குளவி மண்ணால் பூசி அடைத்து வைத்திருக்கிறது, மேலே செம்மண் படிந்து இருந்ததால் இத்தனை நாளும் கண்ணில் படவில்லை. ஈர்க்கால் குத்தி எடுத்தேன். இப்போது ஒரு மணித்தியாலமாக நிற்காமல் ஓடுகிறது.

பனிக்காடு

இங்கே குளவிக்குப் பதில் எலி. காற்றுப் பெட்டிக்குள் பஞ்சும் புல்லும் வைத்துக் கூடு கட்டிவிடும். எயர் பில்டரையும் ஒருதரம் பாருங்கள் தம்பி, மண் அடைத்தால் காற்றுக் குறைந்து கறுப்புப் புகை வரும்.

செம்மண்

பில்டர் பார்த்தேன், சவர்க்காரத்தில் கழுவிக் காயவிட்டுப் பூட்டினேன், வந்த தண்ணீர் செங்கல் நிறம். இன்னுமொரு கேள்வி, இதோடு தொல்லை தரமாட்டேன். ஒயில் பார்க்கிற மூடியைத் திறந்தேன், நான் விட்ட அளவைவிட மேலே நிற்கிறது, தண்ணியாக இருக்கிறது, பெற்றோல் மணக்கிறது. ஒயில் கூடினால் நல்லதுதானே?

மாங்குளம் மெக்கானிக்

தம்பி, உடனே நிறுத்து. ஒயில் தானாகக் கூடாது. கிண்ணம் நிறைந்ததும் மிதவை ஏறிப் பெற்றோல் வழியை அடைக்கிற ஊசி, அந்த மிதவை ஊசி வடிவாக மூடாமல், பெற்றோல் கிண்ணம் நிரம்பி வழிந்து, சிலிண்டருக்குள் போய், ரிங் வழியாகக் கீழே ஒயிலோடு சேர்ந்திருக்கிறது. அந்த ஒயிலுக்கு வழுவழுப்பு இல்லை, இப்படியே இரண்டு நாள் ஓடினால் அந்தக் கடைக்காரர் சொன்ன ரிங் வேலை உண்மையாகவே வந்துவிடும்.

கிண்ணத்தைத் திரும்பக் கழற்று. மிதவையைக் காதுக்கருகே வைத்துக் குலுக்கு, உள்ளே சளசளத்தால் ஓட்டை, மாற்ற வேண்டும். சத்தமில்லை என்றால் ஊசியை எடுத்து நுனியில் நகத்தால் தடவு. வளையமாகப் பள்ளம் தட்டுப்பட்டால் தேய்ந்துவிட்டது, ஊசி மட்டும் வாங்கினால் போதும். பள்ளம் இல்லாவிட்டால் அது உட்காருகிற இடத்தில் அந்தப் பாணி ஒட்டியிருக்கும், துணியால் துடை. ஒயிலைச் சூட்டோடு முழுக்க வடித்துப் புது ஒயில் விடு, உன் அளவு மெஷினுக்கு 600 மில்லி வரும், மூடியில் இருக்கிற கோட்டைப் பார்த்து விடு. இனி வேலை முடிந்தால் கொக்கை மூடாமல் மெஷினை விட்டு விலகாதே.

நெடுங்கேணி அக்கா

கழித்த ஒயிலை வாய்க்கால் கரையில் ஊற்றிவிடாதே தம்பி, போத்தலில் பிடித்துப் பட்டறையில் கொடு.

செம்மண்

ஊசி நுனியில் பள்ளம் இருந்தது, நகம் சிக்கியது. புது ஊசி கிளிநொச்சியில் கிடைத்தது, காபரேற்றருக்குக் கேட்ட காசில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. ஒயில் மாற்றினேன், பழையது போத்தலில் இருக்கிறது அக்கா. இன்று காலை ஐந்தரைக்குத் தொடங்கினேன், எட்டு மணிக்கு முன் கடைசி வரிசைக்குத் தண்ணீர் போய்விட்டது. நிறுத்துவதற்கு முன் கொக்கைப் பெற்றோலுக்குத் திருப்பி ஐந்து நிமிடம் ஓடவிட்டேன் ஐயா, பிறகு கொக்கை மூடினேன். எல்லோருக்கும் என் மனம் நிறைந்த நன்றி.

பனிக்காடு

சந்தோசம் தம்பி. இதையெல்லாம் வாசித்துவிட்டு நேற்றிரவு நானும் கராஜுக்குப் போய் இரண்டு காபரேற்றர்க் கிண்ணத்தையும் கழற்றினேன். இடப்பக்கத்தில் ஒன்றுமில்லை. வலப்பக்க அடியில் தண்ணீர் இறங்கி உறைந்து, ஒரு பயறளவு ஐஸ் ஜெற்றுக்குக் கீழேயே ஒட்டிக் கிடந்தது. சனிக்கிழமை ஏரிக்குப் போவதாக இருந்தேன், தாங்கியை வடித்துப் புதுப் பெற்றோல் விட்ட பிறகுதான் இனிப் போகிறேன்.